பூ டப்பாவுக்குள் ஊசி

கேள்வி: எனக்கு 31 வயது, திருமணமாகி 6 வருடம். ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் குழந்தை) சிகிச்சைக்காக இரவில் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டேன். முட்டை சரியாக வளரவில்லை என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள், மறுபடி தொடங்கச் சொல்கிறார்கள். இத்தனை ஊசி போட்டால் முட்டையெல்லாம் தீர்ந்துவிடுமா? வீட்டில் அத்தைக்குத் தெரியாது. மாமா போனதிலிருந்து அவர் பூ டப்பாவைத் தொடுவதில்லை, அதனால் மருந்தை ஃபிரிட்ஜில் அதற்குள் வைத்திருந்தேன், என் கணவர் சொன்ன யோசனைதான். நாத்தனார் வந்திருந்த 2 நாள் மட்டும் போட முடியவில்லை.
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தீராது மகளே. மாதாமாதம் பல முட்டைகள் வளரக் கிளம்பும், ஒன்று முந்திக்கொள்ளும், மற்றவை தானாக வாடிவிடும். அந்த வாடப்போகிறவற்றையும் சேர்த்து வளர்க்கத்தான் இந்த எஃப்.எஸ்.ஹெச். என்கிற ஹார்மோன் ஊசி. இதைக் கேட்டு எனக்குக் கடிதம் வராத மாதமே இல்லை, அதை விடு.

அந்தப் பூ டப்பாவைச் சொல். புருஷனைப் பறிகொடுத்தவள் எதைத் தொடமாட்டாள் என்று கணக்குப் போட்டு அங்கே கொண்டுபோய் ஒளித்திருக்கிறீர்கள், அதுவும் அவள் பெற்ற பிள்ளையே யோசனை சொல்லி! படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அம்மாவின் துக்கத்தைப் பூட்டாக்க அவருக்கு எப்படி மனசு வந்தது, உனக்குத்தான் எப்படிக் கை வந்தது?

சரி, அந்த 2 நாள். டாக்டரிடம் சொன்னாயா? சொல்லியிருந்தால் எழுதியிருப்பாய். இந்த ஊசி 8 முதல் 12 நாள் வரை சொன்ன நேரத்தில் விடாமல் போகவேண்டியது, நடுவில் 2 நாள் விட்டால் வளர்ச்சி தேங்கலாம். ஸ்கேனில் பார்க்கிறவருக்கு நீ ஊசி போடாதது எப்படித் தெரியும்? இவளுக்கு இந்த அளவு போதவில்லை என்று அடுத்த தடவை டோஸை ஏற்றிவிடுவார். அதை நீ ஒழுங்காகப் போட்டு, சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் வயிறு உப்பி, உள்ளே நீர் கோத்து, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கும். எல்லாருக்கும் வராது, ஆனால் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். உன் கணவர் வெளியூர் போன ராத்திரியில் அப்படி ஆனால் அத்தையை எழுப்பி என்ன பொய் சொல்வாய்?

தெரிந்தால் அவர் பேசுவார் என்று பயம், புரிகிறது. பேசட்டுமே! அவர் கையால் சாப்பிட்டுக்கொண்டு, அவருக்கு வரப்போகிற பேரப்பிள்ளைக்கான மருந்தை அவருக்கே ஒளிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பழைய காலத்து மனுஷி என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லவேண்டியவள் நீ இல்லை. உன் கணவர் தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேருக்கும் வைத்தியம் நடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லட்டும், நீ கூட இருந்தால் போதும். ஊசியையும் இனி அவரே போட்டுவிடட்டும், ஒரு தடவை நர்ஸ் காட்டிக்கொடுத்தால் வந்துவிடும்.

அதற்கு முன்னால் டாக்டரிடம் போய் விட்டுப்போன 2 நாளைச் சொல்லு. அவர் டோஸ் எழுதுவதற்குள் சொல்லவேண்டும். புது மருந்தை அட்டைப்பெட்டியோடு நடுத்தட்டில் வை, ஃப்ரீசரிலும் கதவிலும் வேண்டாம். டப்பாவைக் கழுவிப் பூவுக்கே கொடுத்துவிடு. அப்புறம், பூ வாங்கும்போது அத்தைக்கும் ஒரு முழம் சேர்த்து வாங்கு, வைத்துக்கொள்வதும் வைக்காததும் அவர் இஷ்டம்.