குண்டுவீச்சு விமானத்தில் உயிரிழந்த இளைஞரை நினைவுகூர எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் கணவர் ஆஸ்திரேலியர். அவருடைய தாத்தாவின் தம்பி 1944 மார்ச் இறுதியில், குண்டுவீச்சு விமானத்தில் சென்று, இருபது வயதில் உயிரிழந்தார். சீருடையில் எடுத்த ஒரு படத்தையும் நியூரம்பர்க் என்ற ஜெர்மன் ஊரின் பெயரையும் தவிர எங்களிடம் எதுவும் இல்லை. போரில் உயிரிழந்தவர்களை ஆஸ்திரேலியாவில் நினைவுகூரும் அன்சாக் நாளில் (ஏப்ரல் 25) எங்கள் மகள் பள்ளியில் அவரைப் பற்றிப் பேச விரும்புகிறாள். நாங்கள் என்ன செய்யலாம்?
– மெல்போர்ன் வாசகி

பதில்: உங்களிடம் இருக்கும் படமே நல்ல தொடக்கம். சட்டையின் இடது மார்புப் பைக்கு மேலே ஒற்றைச் சிறகுச் சின்னம் தைத்திருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். சிறகின் அடிப்பக்க வளையத்துக்குள் 'ஏஜி' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அவர் துப்பாக்கி வீரர். 'என்' இருந்தால் வழி கணிக்கும் நேவிகேட்டர். இரண்டு சிறகுகள் இருந்தால்தான் அவர் விமானி. தலைமுறைகள் கடக்கும்போது குடும்பப் பேச்சில் எல்லோரும் 'பைலட்' ஆகிவிடுவது வழக்கம் என்பதால், மேடையில் சொல்வதற்கு முன் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். தொப்பியின் முன்பக்கம் வெள்ளைப் பட்டை தெரிந்தால், அந்தப் படம் அவர் பயிற்சியில் இருந்தபோது எடுத்தது.

அடுத்து, கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையதளத்தில், போரில் இறந்தோர் பட்டியலில் அவர் பெயரைத் தேடி, சேவை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ705 என்ற வரிசையில் அவருக்கான கோப்பைத் தேட வேண்டும். இழப்புகளைப் பற்றி விமானப்படை வைத்திருந்த கோப்புகள் இவை. பலவற்றை இணையத்திலேயே படிக்கலாம். பெற்றோருக்குப் போன தந்தி, படைப்பிரிவுத் தலைவர் எழுதிய கடிதம், அவர் விட்டுச்சென்ற உடைமைகளின் பட்டியல், போருக்குப் பின் ஜெர்மனிக்குச் சென்று காணாமற்போன வீரர்களைத் தேடிய குழுவின் அறிக்கை ஆகியவை பெரும்பாலும் இவற்றில் இருக்கும். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: தேடுதல் குழுவின் அறிக்கையில், தற்காலிகக் குழியைத் தோண்டி உடலை அடையாளம் கண்ட விதம் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கலாம். ஆகவே முதலில் நீங்களும் உங்கள் கணவரும் படித்துவிட்டு, பிறகு மகளிடம் எதைக் கொடுப்பது என்று முடிவுசெய்யுங்கள்.

தேதியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நியூரம்பர்க் தாக்குதலுக்காக 795 விமானங்கள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது 1944 மார்ச் 30 இரவு. திரும்பி வராதவை 95. அந்த 95-இல் பெரும்பாலானவை நிலவொளியில் ஜெர்மன் இரவுப் போர் விமானங்களிடம் சிக்கின. பாம்பர் கமாண்ட் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைக்கு ஒரே இரவில் நேர்ந்த மிகப் பெரிய இழப்பு இது. நள்ளிரவைத் தாண்டி விழுந்த விமானங்களுக்கு ஓர் ஆவணத்தில் 30 என்றும் மற்றொன்றில் 31 என்றும் இருந்தால், அதைப் பிழை என்று எண்ண வேண்டாம்: புறப்பட்ட நாள் ஒன்று, இறந்த நாள் மற்றொன்று. புறப்பட்ட நேரமும் விமானத்தில் இருந்தவர்களின் பெயர்களும் லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏர் 27 என்ற வரிசையில் உள்ள படைப்பிரிவுப் பதிவேடுகளில் கிடைக்கும்.

அந்தப் பெயர்களை, என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் விட முக்கியமாகக் கருதுங்கள். லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தில் பொதுவாக ஏழு பேர் பறப்பார்கள். ஆஸ்திரேலிய இளைஞர்கள் பலர் கனடாவில் பயிற்சி முடித்து இங்கிலாந்துக்கு வந்து, பிரிட்டிஷ், கனடிய, நியூசிலாந்து இளைஞர்களோடு தாங்களே பேசிச் சேர்ந்து ஒரு குழுவானார்கள். ஒரே தாத்தாவைத் தனியாகப் பிரித்தெடுத்து நினைவுகூர்வதைவிட, உங்கள் மகள் ஏழு பெயர்களையும் ஒவ்வொருவரின் பணியையும் வாசிப்பதே அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு நெருக்கமாக இருக்கும். யாராவது உயிர் தப்பிச் சிறைப்பட்டிருந்தால் அதையும் சொல்லட்டும். லிங்கனிலுள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புகள் பற்றிய தரவுத்தளத்தில் குழுவின் மற்றவர்களையும் தேடலாம். அவர்களின் குடும்பங்கள் படங்களோ கடிதங்களோ கொடுத்திருந்தால் அங்கேயே தெரியும்.

கல்லறை எங்கே என்பதைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தளம் சொல்லும். ஜெர்மனியில் கிராமத்து இடுகாடுகளில் புதைக்கப்பட்டவர்களைப் போருக்குப் பின் ரைன்பெர்க், டுர்ன்பாக், ஹனோவர் போன்ற பெரிய கல்லறைத் தோட்டங்களுக்கு மாற்றினார்கள். கல்லறைக் கற்கள் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொட்டபடி நின்றால், அவர்களுடைய உடல்களைத் தனித்தனியாகப் பிரிக்க இயலவில்லை என்பது பெரும்பாலும் அதன் காரணம். கல்லின் அடியில் குடும்பத்தார் தேர்ந்தெடுத்த ஒரு வரி இருக்கலாம். எழுத்துகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததால், பெற்றோர் எவ்வளவு யோசித்து எழுதியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உரையில் மேற்கோள் காட்ட இதைவிடத் தகுந்த வரி இராது. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் லண்டனுக்கு அருகிலுள்ள ரன்னிமீட் நினைவுச்சின்னத்தில் உள்ளன. அங்கே 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

உரையில் அவர் மனநிலையைக் கற்பனை செய்து எழுத வேண்டாம். கோப்பில் இருப்பதைச் சொன்னாலே கேட்பவர்கள் நெகிழ்வார்கள். குண்டு விழுந்த ஊர்களின் மக்களை மறைக்கவும் வேண்டாம்: லண்டன் கிரீன் பார்க்கில் 2012-இல் திறக்கப்பட்ட பாம்பர் கமாண்ட் நினைவுச்சின்னமே, குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டவரையும் சேர்த்தே நினைவுகூர்கிறது.

கான்பெராவுக்குப் போக முடிந்தால், நினைவகத்தின் பெயர்ப் பலகையில் அவர் பெயருக்கு அருகே பாப்பி மலரைச் செருகலாம். பலகை எண்ணை இணையதளமே தரும். இரவில் அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் அவர் பெயர் ஒளிரும் தேதிகளும் அங்கேயே இருக்கும். பதக்கங்கள் வீட்டில் இருந்தால் மகள் அணியலாம், ஆனால் வலது மார்பில். இடது மார்பு பதக்கம் பெற்றவருக்கு உரியது. 1939–45 ஸ்டார் பதக்கத்தோடு சேரும் பாம்பர் கமாண்ட் பட்டை 2013-இல்தான் அறிமுகமானது என்பதால் அது பெரும்பாலும் உங்களிடம் இராது. அதற்காக ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறைக்கு நெருங்கிய உறவினர் என்ற முறையில் உங்கள் கணவர் விண்ணப்பித்துப் பார்க்கலாம். ஏப்ரல் 25-க்குள் வந்து சேர வேண்டுமானால் இப்போதே அனுப்புவது நல்லது.