‘டெபாசிட் மாதிரிதான்’ என்று சொல்லும் பாண்டு ஃபண்டில் பணம் போடலாமா?

கேள்வி (ஈரோடு வாசகி): டெபாசிட் முதிர்ந்து 8 லட்ச ரூபாய் கையில் இருக்கிறது. நான்கு வருடம் கழித்து மகளின் மேற்படிப்புக்கு வேண்டும். ஏஜென்ட் ஒருவர் மீடியம் டியூரேஷன் ஃபண்ட் ஒன்றைக் காட்டி, ‘டெபாசிட் மாதிரிதான், ஒரு சதவீதம் கூடக் கிடைக்கும்’ என்கிறார். போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் இது கடன் பத்திரங்களில் (பாண்டு) முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட், இதை டெபாசிட் என்று நினைத்துப் போடாதீர்கள். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு உண்டு, வட்டியும் முதல் நாளே உறுதி. ஃபண்டில் இரண்டுமே கிடையாது.

2017-ல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த பிரிவுகளின்படி, இந்த வகை ஃபண்டின் மெக்காலே டியூரேஷன் (பத்திரங்களில் போட்ட பணம் திரும்பிவரச் சராசரியாக ஆகும் காலம்) வழக்கமாக 3 முதல் 4 வருடத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் தேவையும் நான்கு வருடம் என்பதால் பொருத்தம் சரி. ஆனால் வட்டி விகிதம் ஏறினால் என்.ஏ.வி (ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பு) இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதைக் காட்டுவது ‘மாடிஃபைடு டியூரேஷன்’. ஃபண்டின் விவரத்தாளில் அது 3.3 என்று இருந்தால், சந்தை வட்டி ஒரு சதவீதம் ஏறும்போது மதிப்பு ஏறக்குறைய 3.3% குறையும். உங்கள் 8 லட்சத்தில் அது 26,400 ரூபாய். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை) 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது, இப்படிப்பட்ட ஃபண்டுகள் தடுமாறியது இதனால்தான். இறக்கத்துக்குப் பிறகு கூடுதல் வட்டி சேர்ந்து அந்தப் பள்ளம் மெல்ல நிரம்பும். பயந்து உடனே விற்றால்தான் நஷ்டம் நிலைக்கும்.

அதைவிடக் கவனம் தேவைப்படுவது கடன் தரத்தில். இந்தப் பிரிவின் விதி காலத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. எந்த ரேட்டிங் (கடனைத் திருப்பித் தரும் திறனுக்கான மதிப்பீடு) உள்ள பத்திரம் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு ஃபண்டில் அரசுப் பத்திரமும் மிக உயர்ந்த ரேட்டிங்கான ஏஏஏ பத்திரமும் நிறைந்திருக்கும். அதே பிரிவிலுள்ள இன்னொன்றில் அதற்குக் கீழான ஏஏ, ஏ ரேட்டிங் பத்திரங்கள் பாதிக்குப் பாதி இருக்கலாம். ஏஜென்ட் சொல்லும் அந்த ஒரு சதவீதம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. தரம் குறைந்த பத்திரங்களை நெருக்கடி நேரத்தில் வாங்க ஆளிருக்காது. 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியபோது முதலீட்டாளர்கள் தவணை தவணையாகப் பணம் பெறக் காத்திருக்க நேர்ந்தது. கல்லூரிக் கட்டணம் அப்படிக் காத்திருக்காது.

ஆகவே ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் 15 நாளுக்கு ஒருமுறை வெளியாகும் போர்ட்ஃபோலியோவை (ஃபண்ட் வைத்திருக்கும் பத்திரங்களின் பட்டியல்) எடுத்து, அரசுப் பத்திரம், ஏஏஏ, ரொக்கம் மூன்றையும் கூட்டுங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் உங்கள் தேவைக்கு அந்த ஃபண்ட் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஃபண்டின் ஆவணங்களில், கடன் அபாயத்தை எழுத்தாலும் வட்டி அபாயத்தை எண்ணாலும் காட்டும் ரிஸ்க் கட்டம் ஒன்று இருக்கும். ஏ-III என்றால் கடன் அபாயம் குறைவு, வட்டி அபாயம் அதிகம். சி-III என்றால் இரண்டுமே அதிகம். கடந்த வருட லாபத்தைப் பார்த்து மயங்காதீர்கள். முன்பு வாராக்கடன் என்று கழித்த தொகை திரும்பி வந்தாலும் என்.ஏ.வி திடீரென எகிறும். அது மறுபடி வராது.

ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானில், ஏஜென்ட் மூலம் வாங்கும் ரெகுலரைவிடச் செலவு குறைவு. டைரக்டில் 7%, ரெகுலரில் 6.4% என்று வைத்துக்கொண்டால், 8 லட்சத்துக்கு நான்கு வருடத்தில் வித்தியாசம் சுமார் 23,000 ரூபாய். எக்ஸிட் லோடு (சீக்கிரம் விற்றால் பிடிக்கும் கட்டணம்) எத்தனை மாதம் என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று: டெபாசிட் போல இந்த ஃபண்டுக்கு முதிர்வுத் தேதி கிடையாது. பழைய பத்திரம் முதிர்ந்தால் புதிது வாங்கி, டியூரேஷனை வழக்கமாக 3 வருடத்துக்கு மேலேயே வைத்திருப்பார்கள். கட்டணம் கட்டும் மாதத்திலும் உங்கள் பணம் அதே ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கும். எனவே கடைசி ஒரு வருடத்துக்கு முன்பே, மிகக் குறுகிய காலப் பத்திரங்களை வாங்கும் லிக்விட் ஃபண்டுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றுவதும் விற்பனைதான், வரி உண்டு. இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால், குறிப்பிட்ட தேதியில் முதிரும் டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டுகளில் நான்கு வருடத்தில் முதிரும் ஒன்று உங்களுக்கு இன்னும் எளிது.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): 2021 முதல் பாண்டு ஃபண்டில் எஸ்.ஐ.பி (மாதாமாதத் தவணை முதலீடு) போடுகிறேன். விற்றால் வரி எவ்வளவு?

பதில்: 2023 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய யூனிட்களை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து இப்போது விற்றால் லாபத்துக்கு 12.5% வரி, செஸ் தனி, இண்டெக்சேஷன் (விலைவாசி உயர்வுக்கேற்ப வாங்கிய விலையைக் கூட்டிக் கணக்கிடும் சலுகை) கிடையாது. அந்தத் தேதி முதல் வாங்கியவற்றுக்கு எத்தனை வருடம் ஆனாலும் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி வரம்புப்படி கணக்காகும். விற்கும்போது முதலில் வாங்கிய யூனிட்களே முதலில் கழியும். நீங்கள் 30% வரம்பில் இருந்தால், இப்போதைக்கு அந்தப் பழைய யூனிட்கள் தீரும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.