பானைக்குள் பாம்பு

கேள்வி: வடநெம்மேலி பாம்புப் பண்ணையில் பாம்புகளை ஆயுசுக்கும் அடைத்து வைத்தா விஷம் எடுக்கிறார்கள்?
– வாசகர், திண்டிவனம்

பதில்: இல்லைங்க. 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் அது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நாலிலிருந்துதான் விஷம் எடுக்கிறார்கள். மணல் போட்ட மண்பானை, வாயில் துணிக்கட்டு. அதற்குள் சில வாரம் வாசம். வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள்.

நான் பார்த்த அன்று கண்ணாடிவிரியன் குடுவை மூடிய சவ்வைக் கடித்தது. மஞ்சளாய் நாலைந்து சொட்டு, அவ்வளவுதான். பிடித்திருந்தவர் கையில் உறைகூட இல்லை, வியர்த்ததென்னவோ எனக்கு! அந்த விஷத்தை உலர்த்திப் பொடியாக்கி விற்கிறார்கள். குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது.