பிளாஸ்டிக் குடத்தை வடிவமைத்தது யார்?

அன்புள்ள ஐயா,

தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கும் பொருள்களிலேயே நல்ல வடிவமைப்பு கொண்டது பிளாஸ்டிக் குடம் என்று சென்ற மாதக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என் அம்மா சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடம் இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் இப்போதும் பளபளக்கும். அதைப் பார்த்துச் செய்த போலிதானே பிளாஸ்டிக் குடம்? ஓட்டை விழுந்தால் குப்பைக்குப் போகிறது. வடிவமைப்பு என்றால் வடிவமைத்தவர் என்று ஒருவர் வேண்டும் அல்லவா? அப்படி யார் இருக்கிறார்?

ம., விருதுநகர்

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அப்படி ஒருவர் இல்லை. எனக்குக் குடத்தின் மேல் மரியாதை வருவதே அதனால்தான்.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி நாற்காலி வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றவர்கள். இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்து, நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இந்தியாவில் பார்த்த பொருள்களிலேயே ஆகச் சிறந்ததாகவும் அழகானதாகவும் அதில் அவர்கள் சொன்னது லோட்டாவை. அன்றாடம் தண்ணீருக்குப் புழங்கும் அந்தச் சின்னப் பாத்திரம் நம் ஊர்ச் செம்புக்கு உறவு. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தூக்குகிறவரின் கை எவ்வளவு பெரியது, தலையில் சுமப்பதா, இடுப்பிலா, காலியாக இருக்கும்போது எடை எங்கே நிற்கும், நிறைந்தால் எங்கே நிற்கும், இன்னொரு பாத்திரத்தில் மோதினால் என்ன சத்தம் வரும், என்ன விலை, பழசானபின் உலோகத்துக்கு என்ன தேறும் என்று கேள்வியாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இத்தனையையும் தனி ஒரு ஆள் யோசித்து வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறை கூடிச் செய்தது என்பதுதான் அவர்கள் கண்டது. 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது அந்த அறிக்கையின் வழியாகத்தான்.

இதே கேள்விகளைக் குடத்திடம் கேட்டுப் பாருங்கள். வயிறு அகலம், கழுத்து குறுகல். பதினைந்து லிட்டர் தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தால் பாதிப் பாவாடை நனைந்துவிடும். குடத்தில் கழுத்துவரை நிரப்பிவிட்டால், தண்ணீர் ஆட இடம் அந்தச் சின்ன வட்டம் மட்டும்தான். உருண்ட வயிறு இடுப்பெலும்பின் மேல் வந்து உட்காரும். கை கழுத்தைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். வெளியே மடிந்த விளிம்பில் விரல் மாட்டிக்கொள்ளும். குழாயடியில் குனிந்து, குடத்தை முழங்காலுக்கு ஏற்றி, அங்கிருந்து ஒரே வெட்டில் இடுப்புக்குக் கொண்டுபோவாளே ஒரு பெண், அந்த அசைவுக்கு ஏற்றபடி ஆன உருவம் அது.

போலி என்கிறீர்கள். சரி, பித்தளைக் குடம் எதைப் பார்த்து வந்தது? மண்குடத்தை. சக்கரத்தில் சுற்றும் மண் உருண்டையாகத்தான் எழும்பும். பித்தளைத் தகட்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனாலும் பித்தளைப் பாத்திரம் செய்யும் கன்னார் மேல் பாதியையும் கீழ் பாதியையும் தனித்தனியாகத் தட்டி எடுத்து, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பற்றவைத்து, குயவரின் உருவத்தையே கொண்டுவந்தார். பிளாஸ்டிக்குக்கு வந்தபோதும் அதே கதைதான். உருகிய பிளாஸ்டிக்கைக் குழாய்போல இறக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே பிடித்து, உள்ளே காற்றை ஊதினால் அது பலூன்போல உப்பி அச்சில் ஒட்டிக்கொள்ளும். பித்தளையில் வயிற்றைச் சுற்றி ஓடிய இணைப்பு இதில் கழுத்திலிருந்து அடிவரை நெட்டுக்கோடாக இறங்கும். விரலால் தடவினால் தெரியும்.

மாறியது எடை. பித்தளையில் வெறும் குடமே சில கிலோ கனக்கும். எங்கள் வீட்டில் முதல் பிளாஸ்டிக் குடம் வந்தபோது எனக்கு எட்டு வயது. பச்சை நிறம். அம்மா அதை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது. தெருக்குழாய்க்கும் வீட்டுக்கும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நடை நடந்தவள். நடைக்கு நடை அந்தச் சில கிலோ குறைந்தது அவள் இடுப்புக்குத் தெரியும். நானும் தண்ணீர் எடுக்கத் தொடங்கியது அதற்கு அப்புறம்தான். சைக்கிள் கேரியரில் கயிறு கட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குடம்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். பழசானபின் என்ன தேறும் என்று ஈம்ஸ் தம்பதி கேட்ட கேள்விக்குப் பிளாஸ்டிக் குடத்திடம் நல்ல பதில் இல்லை. எங்கள் பித்தளைக் குடத்தின் கழுத்தில் அம்மாவின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அது அடகுக் கடைக்குப் போகும், பொங்கலுக்குள் திரும்பி வரும். ஒரு வருஷம் வரவில்லை. அம்மா பல நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிளாஸ்டிக் குடத்தை எவன் அடகு பிடிப்பான்? பெண்ணின் பெயரில் வீட்டில் இருந்த கொஞ்ச நஞ்ச சொத்தில் ஒன்று அதோடு போய்விட்டது. இந்த இழப்பை நான் கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டும். விட்டது என் தவறு.

ஆனால் குப்பைக்கு அது அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, உடைந்த வாளித் துண்டை உருக்கி, விரிசலில் இழுத்து விடுகிறவர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். எங்கள் பச்சைக் குடத்தின் அடியில் ஒரு சிவப்பு ஒட்டும் ஒரு நீல ஒட்டும் இருந்தன. ஒட்டவே முடியாமல் போனதும் பழைய பிளாஸ்டிக்காரரிடம் போட்டு வெங்காயம் வாங்கினோம்.

நிறத்தையும் சொல்லாமல் விட முடியாது. பித்தளைக் குடங்கள் வரிசையில் நின்றால் பெயரைக் குனிந்து பார்க்க வேண்டும். ஆரஞ்சு, நீலம், ரோஸ் என்று நின்றால் தூரத்திலிருந்தே நம்முடையது தெரிந்துவிடும். ஆள் நிற்காமல் குடம் நின்று இடம் பிடிக்க முடிந்தது. அந்த நேரத்தில் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அந்த நிறங்கள்தான் தெருவுக்கும் வந்தன. ‘காலிக் குடங்களுடன் சாலை மறியல்’ என்ற செய்தியைப் படிக்காத கோடை நமக்கு உண்டா? 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது உலகம் முழுக்கப் போன படங்களில் லாரிக்குக் காத்திருந்ததும் அந்தக் குடங்கள்தான். நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வதால், அதைப் பெண்கள் சுமந்துகொண்டே இருக்கட்டும் என்று அர்த்தமில்லை. வீட்டுக்குள் குழாய் வந்து, குடம் பரணுக்கு ஏறினால் எனக்குச் சந்தோஷம்தான்.

பரண் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் அம்மாவின் குடத்தை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். நடுவயிற்றைச் சுற்றி, நான் சொன்ன அந்தப் பல்வரிசை மங்கலாகத் தெரிகிறதா? கழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறதா? இரண்டையும் படம் எடுத்து அனுப்புவீர்களா?