மகள் ஜியோலஜி படிக்கட்டுமா? சுங்கை சிப்புட் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

நான்காம் படிவத்தில் இருக்கும் மகள் ஜியோலஜிதான் (பாறை, மண் பற்றிய நிலவியல்) படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "என் மாமியார் பால்மரம் சீவினார், நான் செம்பனைக்கு உரம் போட்டேன், இவளும் மண்ணைக் கிண்டத்தான் போகணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். வேலை, சம்பளம் பற்றிக் கீழே சொல்கிறேன். அதற்கு முன், இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிடலாம். காசு செலவில்லாமல் வீட்டிலேயே பார்க்கலாம்.

அவளிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். சமதளமான ஒரு தோட்டத்தில் அ, ஆ, இ என்று மூன்று இடங்களில் துளை போடுகிறார்கள். ஒரே பாறைப் படுகை (பூமிக்கடியில் விரிந்து கிடக்கும் பாறை அடுக்கு) அ-வில் 10 மீட்டர் ஆழத்தில் தட்டுப்படுகிறது, ஆ-வில் 30, இ-யில் 20. படுகை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது?

அ-வுக்கும் ஆ-வுக்கும் சரி நடுவில் ஆழம் 20 மீட்டராக இருக்க வேண்டும். இ-யிலும் 20. இந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால், அந்தக் கோடு நெடுகப் படுகை ஒரே ஆழத்தில் கிடக்கிறது. அப்புறம் அ-விலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு. படுகை சாய்வது அந்தப் பக்கம்தான். அந்தக் கோடு 100 மீட்டர் நீளம் என்றால், 100 மீட்டருக்கு 10 மீட்டர் இறக்கம். ஏறத்தாழ 6 பாகை சாய்வு. மூன்றாம் படிவத் திரிகோணமிதி போதும். ஆனால் நிலவியல் மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் நிஜமாகவே செய்யும் பயிற்சி இது.

விடை சரியாக வந்ததா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். விடை வந்ததும், "படுகை மேடுபள்ளம் இல்லாமல் தட்டையாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது?" என்று கேட்கிறாளா என்று பாருங்கள். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் (டின் என்கிற வெள்ளீயம்) எடுத்த வண்டல் மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் காலங்காலமாகக் கரைத்து, மண்ணுக்குள்ளேயே ஊசி ஊசியாகக் கூர்முனைகளும் பள்ளங்களுமாக ஆக்கி வைத்திருக்கிறது. இங்கே ஒரு துளையில் பாறை சீக்கிரமே தட்டுப்படும், பத்தடி தள்ளிப் போட்டால் ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். மூன்று துளைக் கணக்கு அங்கே செல்லாது. இன்னும் பல துளைகள் போட வேண்டும், தரைக்குள் மின்சாரம் செலுத்தி மின்தடையை அளந்து பார்க்க வேண்டும். ஆராய்ச்சி என்று பெரிய பெயர் சொல்வதெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தன் விடையைத் தானே சந்தேகப்படுகிற பிள்ளைக்கு இந்தத் துறை பிடிக்கும். விடையைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் சரிபார்த்துவிட்டு மூடி வைக்கிற பிள்ளை வேறு எதிலாவது நன்றாக வருவாள். அதிலும் தப்பில்லை.

இன்னொரு சோதனைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மழைக்குப் பிறகு சுங்கை பிளஸ் ஆற்றிலோ தோட்டத்துக் கால்வாயிலோ கலங்கல் தண்ணீரைத் தெளிந்த பாட்டிலில் பிடித்து, குலுக்கி, அசையாமல் வைக்கட்டும். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் மெல்ல இறங்கும். களிமண் மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். தேதி, மழை, படிந்த மண்ணின் உயரம் மூன்றையும் நோட்டில் எழுதி, பள்ளித் தவணை முழுக்கச் செய்யச் சொல்லுங்கள். இரண்டாவது வாரமே நோட்டு மூலைக்குப் போனால் அதுவும் ஒரு பதில்தான். (பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்க விடாதீர்கள்.)

பள்ளி விடுமுறையில் ஒரு வாரநாள் ஈப்போவுக்கு பஸ் ஏறுங்கள். கனிமம் மற்றும் புவி அறிவியல் துறை, ஜேஎம்ஜி என்பார்களே, அதன் நிலவியல் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஈயத் தாதுவான கசிட்டரைட் தண்ணீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு கனம், சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். அந்தக் காலத்துப் பெண்கள் டூலாங் என்ற மரத் தட்டைச் சுழற்றி மணலைக் கழுவிவிட்டு ஈயத்தைப் பிரித்தது இந்த வித்தியாசத்தை நம்பித்தான். இதைத் தெரிந்துகொண்டு தாதுவைப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

சரி, வேலை. எண்ணெய் நிறுவனம் என்றால்தான் பெற்றோர் முகம் மலர்கிறது. ஆனால் எண்ணெய் விலை சரிந்தால் ஆளெடுப்பும் நின்றுவிடும். 2014-க்குப் பிறகு நடந்ததை அந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கவில்லை. அதை மட்டும் நம்பிப் படிக்க வைக்காதீர்கள். நிலையான தேவை மண்சரிவு, அடித்தளம், நிலத்தடி நீர் சார்ந்த வேலைகளில் இருக்கிறது. 1993-இல் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியில் 48 பேர், 1996-இல் நம் பேராக்கிலேயே போஸ் டிப்பாங்கில் 44 பேர், 2022-இல் பத்தாங் காலியில் 31 பேர் என்று மண்சரிவிலும் சேற்று வெள்ளத்திலும் இறந்தார்கள். மலைச்சரிவில் கட்டடம் என்றால் நிலத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஜேஎம்ஜி, மண் ஆய்வு நிறுவனங்கள், கல் குவாரிகள் எல்லாம் நிலவியலாளர்களை எடுக்கின்றன. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி இவர்களுக்குத் தனி வாரியமும் பதிவும் உண்டு.

பெண்பிள்ளை காட்டுக்குப் போவதா என்று உங்களுக்குப் பயம். வெளிக்களப் பயிற்சிக்கு விரிவுரையாளரோடு குழுவாகத்தான் போவார்கள். அட்டை கடிக்கும், சட்டை சேறாகும். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது புதிதில்லை. படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்போது நேர்முகத் தேர்விலேயே, தங்கும் இடம், உடன் வரும் ஆட்கள் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் மூன்றையும் விட்டுவிடக் கூடாது. பூகோளத்தில் ஏ வாங்குவது நல்லதுதான், ஆனால் அது இவற்றுக்கு ஈடாகாது. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிந்ததும் மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) வழியாக மலாயா, யூகேஎம் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்), சபா, கிளந்தான் பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள யூடிபி (பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) வீட்டுக்குக் கிட்டே என்றாலும் அது தனியார். கட்டணத்தைக் கேட்டுவிட்டு ஆசை வையுங்கள். யூபியூ என்கிற அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பத்தில் ஜியோலஜியை முதலில் போட்டு, அடுத்தடுத்து சிவில் பொறியியல், சுற்றுச்சூழல் அறிவியல் என்று போடச் சொல்லுங்கள். அந்த வழியாகப் போனாலும் மண், பாறை வேலைகளுக்குப் பிறகு வந்து சேரலாம்.