ஒரே தொட்டியில் எத்தனை வகை இறால் வளர்க்கலாம்?

கேள்வி: இரண்டடித் தொட்டியில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று வகை செர்ரி இறால் வாங்கி விட்டேன். நன்றாகத்தான் பெருகுகின்றன. ஆனால் இப்போது வரும் குட்டிகள் எல்லாம் சாயம் போன பழுப்பு நிறம். தண்ணீரில் ஏதாவது கோளாறா?
– தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி

தண்ணீர் சரியில்லை என்றால் இவ்வளவு குட்டி வந்திருக்காது, அதனால் அந்தக் கவலையை விடுங்கள். நீங்கள் வாங்கியதில் நிறம்தான் மூன்று, இனம் ஒன்றுதான். ரெட் செர்ரி, ப்ளூ ட்ரீம், யெல்லோ என்று கடையில் தனித்தனியாக வைத்து விற்பதெல்லாம் நியோகரிடினா டேவிடி என்கிற ஒரே இறால். தைவான், கிழக்குச் சீனா பக்கத்து ஓடைகளில் இருக்கும் இதன் அசல் நிறமே மங்கலான பழுப்புதான், அந்த நிறம் இருந்தால்தான் அங்கே மீன் கண்ணில் படாமல் பிழைக்க முடியும். வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக நிறம் தூக்கலான குட்டிகளை மட்டும் பொறுக்கி இணைசேரவிட்டு, சிவப்பை ஒரு பக்கமும் நீலத்தை ஒரு பக்கமும் கொண்டுபோனார்கள். நீங்கள் மூன்றையும் ஒரே தொட்டியில் விட்டதும் அவை கலந்துவிட்டன, உள்ளே மறைந்திருந்த பழைய பழுப்பு மேலே வந்துவிட்டது.

இனி பழுப்புக் குட்டிகளை ஒதுக்கிக்கொண்டே போனால் நிறம் திரும்பும் என்று சிலர் சொல்வார்கள். நிறம் வந்த குட்டிக்குள்ளும் கலப்பு இருக்கும், அதனால் அது ரொம்ப நாள் பிடிக்கிற வேலை. அதைவிட, வாங்கிய பெரிய இறால்களில் ஒரு நிறத்தை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இப்போது வயிற்றில் முட்டையோடு இருக்கும் பெண் இறால் பொரிக்கும் குட்டிகள் கலப்பாக இருக்கலாம், அடுத்த முறை ஓடு உரித்த பிறகு தன் நிறத்து ஆணோடு சேர்ந்து சுமக்கும் முட்டைகள் சுத்தமாக வரும். பழுப்புக் குட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாசி தின்பதில் அவை சிவப்பு இறாலுக்கு ஒரு மாற்றும் குறைந்தவை அல்ல, தனியாக ஒரு செடித் தொட்டியில் விட்டால் நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போகும்.

கேள்வி: செர்ரி இறாலும் கிரிஸ்டல் ரெட் இறாலும் கலக்காது என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். அப்படியானால் இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்துக் குட்டி எடுக்கலாம் அல்லவா?
– கோவை வாசகர் ஒருவர்

கடைக்காரர் சொன்னது உண்மை. செர்ரி நியோகரிடினா, கிரிஸ்டல் கரிடினா, இரண்டும் வேறு வேறு பேரினம், கலக்காது. ஆனால் தகராறு தண்ணீரில் இருக்கிறது. செர்ரிக்கு பிஹெச் (அமில காரத் தன்மை) 6.5 முதல் 8 வரை எதுவும் சரி, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 200, 250 இருந்தாலும் குட்டி போடும், சொல்லப்போனால் ஓடு கெட்டிப்பட அதற்குக் கொஞ்சம் கடினத்தன்மை வேண்டும். கிரிஸ்டலுக்கு பிஹெச் 6-ஐ ஒட்டி, கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) ஏறக்குறைய பூஜ்யம், ஜிஹெச் (மொத்தக் கடினத்தன்மை) 4 முதல் 6, டிடிஎஸ் 100 முதல் 150, வெப்பம் 24 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் பிஹெச் 6.6, டிடிஎஸ் 170 என்று வைத்தால் இரண்டும் உயிரோடு இருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. செர்ரி அப்போதும் பெருகும். கிரிஸ்டல் எப்போதாவது முட்டை வைக்கும், குட்டிகளில் பாதி தேறாது, தின்பதற்குக் கிடைக்கும் பாசிப்படலத்தையும் செர்ரிக் குட்டிகள் மேய்ந்து தீர்த்துவிடும். கொஞ்ச காலத்தில் அது செர்ரித் தொட்டியாகவே மாறிவிடும்.

கிரிஸ்டல் ஏன் இவ்வளவு நோஞ்சானாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. தென்சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன கறுப்பு வெள்ளை 'பீ' (தேனீ) இறால்களுக்கு நடுவே 1990-களின் தொடக்கத்தில் சிவப்பாக ஒரு குட்டி பிறந்தது, ஹிசயாசு சுசுகி என்பவர் அதைக் கவனித்துப் பொறுக்கிப் பெருக்கினார். அந்தக் குறுகிய வம்சத்திலேயே திரும்பத் திரும்ப இணைசேரவிட்டுத்தான் இந்த அழகு வந்திருக்கிறது, தாங்கும் சக்தி அதனால் குறைந்துபோனது.

உங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வருகிறது என்றால் அது மென்மையான தண்ணீர், பலருக்கு வாய்க்காத வசதி. இரண்டு நாள் திறந்து வைத்து, குளோரின் நீக்கியும் விட்டு, பிஹெச்சை இறக்கும் ஆக்டிவ் சாயில் என்னும் மண்ணை அடியில் போட்டு, கிரிஸ்டலுக்கென்றே ஒரு தொட்டி வையுங்கள். அதில் துணைக்கு கிரிஸ்டல் பிளாக் விடலாம். இரண்டும் ஒரே இனம், கலந்தால் முதல் தலைமுறை கறுப்பாக வரும், அவற்றுக்குள் இணைசேரும்போது சிவப்பு மறுபடி தலைகாட்டும். டைகர் இறாலை மட்டும் அந்தத் தொட்டிக்குள் விட்டுவிடாதீர்கள், அது வேறு இனமாக இருந்தும் கிரிஸ்டலோடு நன்றாகவே கலக்கும்.

கேள்வி: அப்படியானால் கலக்காமல், ஒரே தண்ணீரில், இரண்டு இனமும் குட்டி போடுகிற ஜோடி என்று ஏதாவது இருக்கிறதா?
– கொளத்தூர் பக்கம் வசிக்கும் கல்லூரி மாணவர்

இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்குத் தனிச் சந்தோஷம், ஏனென்றால் அதில் ஒன்று நம் நாட்டு இறால். கரிடினா பபால்டி என்று பெயர், இந்திய ஓடைகளில் இருப்பது. பச்சை, பழுப்பு என்று பல நிறத்தில் கிடைக்கும், இருக்கும் இடத்துக்கும் மனநிலைக்கும் ஏற்ப நிறம் கூடும் குறையும். செர்ரியோடு கலக்காது, செர்ரிக்குப் பிடித்த தண்ணீரே இதற்கும் பிடிக்கும், குட்டிகள் முட்டையிலிருந்து நேராகச் சின்ன இறாலாகவே வரும். கொஞ்சம் கூச்ச சுபாவம், அதனால் ஒளிந்துகொள்ள மாஸ் (பாசி போன்ற சிறு செடி) நிறைய வேண்டும், குட்டிகள் எண்ணிக்கையும் செர்ரி அளவுக்கு இருக்காது. ஒரு நிறச் செர்ரி, ஒரு நிற பபால்டி, அவ்வளவுதான், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

நீங்கள் இருக்கும் பகுதியில் கடைக்கா பஞ்சம்! ஆனால் வாங்கும்போது ஒன்றை உற்றுப் பாருங்கள். 'கண்ணாடி இறால்' என்று மலிவாகக் கொடுப்பதற்கு முன்பக்கம் மெலிதாக நீண்ட கை இருந்து, அதன் முனையில் கிடுக்கி தெரிந்தால் அது மேக்ரோபிராக்கியம் வகை. பெரிதானதும் ஓடு உரித்த இறாலையும் குட்டிகளையும் இரவில் பிடித்துத் தின்னும். செர்ரித் தொட்டியில் அதற்கு இடமே கிடையாது.

தொட்டியை மூன்று, நான்கு வாரம் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடவிட்டு பழக்கிய பிறகு இறாலை விடுங்கள். பெண்ணின் தலைக்குப் பின்னால் மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு சேணம் தெரிகிறதா பாருங்கள், அது உள்ளே உருவாகிவரும் முட்டை. அவள் ஓடு உரித்த அன்று ஆண்கள் எல்லாம் பித்துப் பிடித்தாற்போல் தொட்டி முழுக்கச் சுற்றிச் சுற்றி நீந்தும், முதல்முறை பார்ப்பவர்கள் விஷம் கலந்துவிட்டதோ என்று பயந்துபோவார்கள். மறுநாள் அவள் வயிற்றடியில் முட்டைகள் இருக்கும், கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருப்பாள். செர்ரி என்றால் இருபது முப்பது முட்டை, ஏறக்குறைய நான்கு வாரத்தில் இரண்டு மில்லிமீட்டர் குட்டிகள் ஸ்பாஞ்சில் தலைகீழாகத் தொங்கி மேயும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கேள்வி: செர்ரியோடு இருக்கும் அமானோ இறால் அடிக்கடி முட்டை சுமக்கிறது. ஒரு குட்டிகூட இதுவரை கண்ணில் பட்டதில்லை. செர்ரி தின்றுவிடுகிறதா?
– திருச்சி வாசகர்

செர்ரி மேல் பழி போடாதீர்கள். அமானோ முட்டையிலிருந்து வருவது இறால் குட்டி அல்ல, மிதக்கும் நுண்ணிய லார்வா. இயற்கையில் அது ஓடையோடு அடித்துக்கொண்டு கடலுக்குப் போய், உப்புத் தண்ணீரில் வளர்ந்து, இறாலான பிறகு ஆற்றுக்குத் திரும்பும். உங்கள் தொட்டியில் அது சில நாளில் செத்துவிடும். 1980-களில் ஜப்பானின் தகாஷி அமானோ தன் செடித் தொட்டிகளில் பாசியை ஒழிக்க இதைப் பயன்படுத்தியதால்தான் இந்தப் பெயர் நிலைத்தது.

குட்டி எடுத்தே ஆக வேண்டும் என்றால், முட்டை பொரியும் சமயத்தில் தாயைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றி, இரவில் டார்ச் வெளிச்சத்துக்குக் கூடும் லார்வாக்களைப் பிடித்து, லிட்டருக்கு 30 கிராம் அளவில் கடல் உப்பு கலந்த தண்ணீரில் விட்டு, பச்சைப் பாசித் தண்ணீர் ஊட்டி, ஒரு மாதத்துக்கு மேல் காக்க வேண்டும். உருமாறியதும் மறுபடி நல்ல தண்ணீர். பொறுமை இருப்பவர்கள் தாராளமாக இறங்கலாம். மற்றவர்களுக்கு அமானோ நல்ல வேலைக்காரன், அந்த அளவில் வைத்துக்கொள்ளலாம். உருவத்தில் பெரியது, தீனியைப் பறித்துக்கொண்டு ஓடும், ஆகவே தீனியை இரண்டு இடத்தில் போடுங்கள்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் செர்ரி இறால் வளர்கிறது, முட்டையும் வைக்கிறது. ஆனால் ஓடு உரிக்கும்போது சில இறந்துவிடுகின்றன. கழுத்தருகே வெள்ளை வளையம் தெரிகிறது.
– யாழ்ப்பாணத்திலிருந்து

அந்த வளையம் ஓடு சரியாகப் பிளக்காமல் சுற்றிலும் விட்டுப்போனதன் அடையாளம், அதிலிருந்து மீள்வது அரிது. உங்கள் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், தண்ணீர் கடினமாகத்தான் இருக்கும். முதல் மழை கூரையைக் கழுவிப் போன பிறகு பிடித்த மழைத்தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, ஜிஹெச் 8 அளவுக்கு மெல்ல இறக்குங்கள். ஒரே நாளில் மாற்றினால் அதுவே இன்னும் சிலவற்றைக் கொல்லும். வாரம் பத்தில் ஒரு பங்குத் தண்ணீர், அதையும் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும்.

கேள்வி: கோடையில் ஒரே இரவில் தொட்டியில் இருந்த இறால் அத்தனையும் போய்விட்டன. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில்தான் காரணமா?
– மதுரை வாசகி

வெயில் என்றால் பொதுவாக ஒன்றிரண்டாகப் போகும். மீன் பிழைத்து இறால் மட்டும் மொத்தமாகப் போயிருக்கிறது என்றால் நான் முதலில் கேட்பது, அந்த அறையில் கொசுவத்தியோ கொசு மருந்து லிக்விடோ ஓடியதா என்றுதான். பூச்சியைக் கொல்கிற மருந்து இறாலையும் கொல்லும், காற்றுப் பம்பு அதை நேராகத் தண்ணீருக்குள் தள்ளும். கழுவாத கீரையும், செம்பு கலந்த மீன் மருந்தும் இதே வேலையைச் செய்யும். முக்கால்வாசித் தண்ணீரை இரண்டு மூன்று தடவையாக மாற்றி, ஃபில்டரில் கரி போட்டு, சில வாரம் கழித்து இரண்டு இறால் மட்டும் விட்டுப் பாருங்கள். இனிமேல் அந்த அறையில் கொசுவலைதான். வெயிலுக்கு, தண்ணீர் மட்டத்தில் காற்று படும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆவியாகிக் குறையும் தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள், போர் தண்ணீர் ஊற்றினால் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும்.