அமெரிக்காவில் மகள் 11-ஆம் வகுப்புக்குப் போகிறாள். கல்லூரிக்கு எதிலிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: டெக்சஸில் இருக்கிறீர்கள், மகள் ஆகஸ்டில் 11-ஆம் வகுப்புக்குப் போகிறாள், நீங்களும் உங்கள் மனைவியும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ எழுதி கவுன்சலிங்கில் இடம் வாங்கியவர்கள், இங்கே எதை எப்போது செய்வது என்று பிடிபடவில்லை, பணம் கொடுத்து ஒரு கன்சல்டன்ட் வைக்க வேண்டுமா? நானும் டாலஸ் பக்கம்தான். பெரியவன் கல்லூரியில் படிக்கிறான், சின்னவள் 11-ஆம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் கடைசி வருடத்துப் பரீட்சைதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். இங்கே விண்ணப்பம் போடுவதே கடைசி வருடத்தின் தொடக்கத்தில். செப்டம்பரிலிருந்து ஜனவரிக்குள் எல்லாம் அனுப்பியாக வேண்டும். அப்போது கல்லூரியின் கையில் இருப்பது 9, 10, 11 ஆகிய மூன்று வகுப்புகளின் மதிப்பெண்கள் மட்டும். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் பெரும்பாலும் 11-ஆம் வகுப்பு ஆசிரியர். உதவித்தொகைக்குப் பார்க்கப்போகும் வருமானமும் ஏறக்குறைய அந்த வருடத்துடையது. மே மாதக் கடைசியில் பள்ளி மூடும்போது விண்ணப்பத்தின் முக்கால்வாசி முடிவாகிவிட்டிருக்கும். எஞ்சுவது கட்டுரைகளும் படிவங்களும்தான்.

டெக்சஸில் இது இன்னும் கறாராக இருக்கும். 1997-இல் வந்த சட்டப்படி, இங்குள்ள பள்ளிகளில் வகுப்புத் தரவரிசையில் முதல் 10 சதவீதத்தில் வரும் பிள்ளைகளுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் தனிக் கணக்கு. அங்கே முதல் 6 சதவீதம் என்று இருந்ததை 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அனுப்புவது 11-ஆம் வகுப்பு முடிவில் இருக்கும் ரேங்க்தான். நம்மவர்கள் நிறைய இருக்கும் பள்ளிகளில் ஜிபிஏவில், அதாவது எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளியில், தசம புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்றாவது இலக்கம்கூட ரேங்கை மாற்றிவிடும்.

இதைக் கேட்டவுடன் எல்லாப் பாடத்தையும் ஏபியாக, அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடமாக, எடுக்கச் சொல்லத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பள்ளியில் என்னென்ன பாடங்கள் இருக்கின்றன, அதில் இந்தப் பிள்ளை எவ்வளவு கடினமானதை எடுத்தாள் என்று பள்ளி அனுப்பும் அறிக்கையில் ஒரு மதிப்பீடு இருக்கும், உண்மைதான். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுகிற 16 வயதுப் பிள்ளை அந்த வருடம் முழுக்க எதையும் ரசித்துப் படிக்காது. அவளுக்கு எந்தத் துறை பிடிக்கிறதோ அதை ஒட்டிய ஏபி பாடங்களைப் பிடித்துக்கொள்ளட்டும். மற்றதில் கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டும். தானாகக் கிடைக்கும் இடம் பல்கலைக்கழகத்துக்குத்தான், விரும்பிய துறைக்கு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஆஸ்டினில் கம்ப்யூட்டர் சயன்ஸோ பொறியியலோ வேண்டுமென்றால் கட்டுரை, செயல்பாடுகள் எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் பொறியியல் சேர்பவர்கள் முதல் வருடம் பொதுவாகப் படித்துவிட்டு அப்புறம்தான் துறைக்குப் போகிறார்கள்.

தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் ஏற்கெனவே இதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு எஸ்ஏடி. அதன் முன்னோட்டமான பிஎஸ்ஏடி அக்டோபரில் பள்ளியிலேயே நடக்கும். 11-ஆம் வகுப்பில் எழுதுவது மட்டும்தான் நேஷனல் மெரிட் என்ற உதவித்தொகைப் போட்டிக்குக் கணக்கு. நாடு முழுக்கச் சுமார் 16,000 பேர் அரையிறுதிக்குத் தேர்வாவார்கள். கட் ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், டெக்சஸில் உயரம்தான். எஸ்ஏடி 2024-லிருந்து இங்கே முழுக்கக் கணினியில், மொத்தம் 2 மணி 14 நிமிடம். கணக்குக்குக் கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும். கான் அகாடமி இணையதளத்தில் இலவசப் பயிற்சி இருக்கிறது, அதை ஒழுங்காகச் செய்தாலே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். ஆஸ்டின் மறுபடியும் மதிப்பெண் கட்டாயம் என்று சொல்லிவிட்டது, எம்ஐடியும் ஹார்வர்டும் அப்படியே. கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் அனுப்பினாலும் பார்க்க மாட்டார்கள். குளிர்காலத்தில் ஒரு முறை, தேவைப்பட்டால் வசந்தத்தில் இன்னொரு முறை எழுதி இந்த அத்தியாயத்தை மூடிவிடுங்கள்.

நம் வீடுகளில் யாரும் பேசாத விஷயம் ஆசிரியர்கள். பரிந்துரைக் கடிதம் என்றால் நம் ஊர் நன்னடத்தைச் சான்றிதழ் போல ஒன்று என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். இங்கே அது ஒரு பக்கத்துக்கு மேல் போகும் தனிப்பட்ட கடிதம். என் மகன் வகுப்பில் வாயே திறக்காதவன். 11-ஆம் வகுப்பு ஏப்ரலில் இயற்பியல் ஆசிரியையிடம் கடிதம் கேட்டான். அவர் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பிவரச் சொன்னார். அதில் பரிசுகள், பதக்கங்கள் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி. முதல் கேள்வியே, ‘என் வகுப்பில் உனக்குப் புரியாமல் போனது எது, அதற்கு என்ன செய்தாய்?’ என்பதுதான். அவனுக்கு அந்த வருடம் சுழலும் பொருள்களின் பாடம் தண்ணி காட்டியது. மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்குப் போய், சாய்தளத்தில் வளையத்தையும் தட்டையும் உருட்டிவிட்டு, எது முன்னால் வருகிறது, ஏன் வருகிறது என்று மறுபடி மறுபடி பார்த்து, அறிக்கையைத் திரும்ப எழுதிக் கொடுத்திருக்கிறான். எங்களுக்கே அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஆசிரியை நேரில் பார்த்திருந்தார், அதனால் எழுத முடிந்தது. இதைப் பெற்றோர் ஏற்பாடு செய்ய முடியாது. ‘புரியலன்னா டியூஷன் சாரைக் கேக்கறதுக்கு முன்னாடி டீச்சரைக் கேளு’ என்று ஆகஸ்டிலேயே சொல்லிவைக்கலாம், அவ்வளவுதான். கடிதம் கேட்பதும் மே மாதத்துக்குள் நடக்கட்டும். நல்ல ஆசிரியர்கள் இத்தனை கடிதங்கள்தான் என்று எல்லை வைத்துக்கொள்கிறார்கள், செப்டம்பரில் போனால் அந்தக் கணக்கு முடிந்திருக்கும்.

அடுத்தது பணம். மகளை உட்காரவைத்துக்கொண்டே பேசுங்கள். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, மாதச் சம்பளத்திலிருந்து எவ்வளவு எடுக்க முடியும், கடன் எதுவரை வாங்கச் சம்மதம் என்பதை மூவருமாக ஒரு தாளில் எழுதினோம். பிறகு ஒவ்வொரு கல்லூரியின் செலவுக் கணிப்பானையும் திறந்தோம். மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரியும் 2011 முதல் தன் தளத்தில் இதை வைத்தாக வேண்டும் என்பது சட்டம். வருமானம், சேமிப்பு விவரம் கொடுத்தால், உங்கள் குடும்பத்துக்கு உத்தேசமாக எவ்வளவு ஆகும் என்று சொல்லும். பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தங்குமிடம், சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு 85,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஆஸ்டினில் உள்மாநிலப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் சுமார் 11,000 டாலரில் தொடங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த மகள், ‘அப்போ ஆஸ்டின் கிடைச்சா மீதிய மாஸ்டர்ஸுக்கு வெச்சுக்கலாமாப்பா?’ என்று கேட்டாள். எண்களைக் கண்ணில் காட்டினால் பிள்ளைகள் நம்மைவிடத் தெளிவாக யோசிக்கிறார்கள்.

இதில் ஐடி வேலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மத்திய அரசின் உதவிக்கான ஃபாஃப்சா படிவம் பார்ப்பது 10-ஆம் வகுப்பின் பாதியில் வரும் ஜனவரி முதல் 11-ஆம் வகுப்பின் டிசம்பர் வரையான வரி ஆண்டை. அதாவது உங்களுக்கு அது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டு. வீடு வாங்கவோ வேறு எதற்கோ கம்பெனிப் பங்குகளை மொத்தமாக விற்றால் அந்த லாபமும் வருமானமாகச் சேரும். தள்ளிப்போட முடிந்தால் போடுங்கள். எர்லி டிசிஷன் என்ற வழியில் விண்ணப்பித்து இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், வேறு கல்லூரி என்ன உதவி தருகிறது என்று ஒப்பிட முடியாது. செலவை இப்போதே பார்த்திருந்தால்தான் அந்த வழியில் போகலாமா என்று முடிவெடுக்க முடியும்.

விசா பற்றி நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை மகள் எச்-4இல், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசாவில், இருந்தால், ஃபாஃப்சா உதவி கிடைக்காது, கோடையில் சம்பளத்துக்கு வேலை செய்யவும் முடியாது, 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், அதற்குள் எஃப்-1 மாணவர் விசா போன்ற ஒன்றுக்கு மாற வேண்டும். உள்மாநிலக் கட்டண விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில தனியார் கல்லூரிகள் உதவித்தொகை விஷயத்தில் எச்-4 பிள்ளைகளை வெளிநாட்டு மாணவர்களாகவே நடத்தும். பட்டியல் போடும் முன் ஒவ்வொரு இடத்திலும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பிள்ளையின் தப்பு எதுவுமே இல்லாமல் அவள் மேல் விழும் சுமை அது. அவளுக்கு இதை முன்கூட்டியே, பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது.

பட்டியலைக் கீழிருந்து கட்டுங்கள். எல்லோரும் ஸ்டான்ஃபோர்டில் ஆரம்பித்து, கடைசியில் நேரமில்லாமல் ‘சேஃப்டி’ என்று ஏதோ இரண்டு பெயரைச் சேர்க்கிறார்கள். நிச்சயம் இடம் கிடைக்கும், நம்மால் கட்ட முடியும், அவளும் மகிழ்ச்சியாகப் போவாள், இந்த மூன்றும் பொருந்தும் ஒரு கல்லூரியை முதலில் கண்டுபிடியுங்கள். அதற்கு நேரம் எடுக்கும், நேரில் போய்ப் பார்க்க வேண்டும். யூடி டாலஸ், ஹூஸ்டன் பல்கலைக்கழகம் போன்றவற்றை வசந்த விடுமுறையில் வார நாளில் போய்ப் பாருங்கள். நூலகத்தில் உட்காரட்டும், அவள் துறை மாணவர்களிடம் பேசட்டும். அந்த ஒன்று பிடித்துப்போனால் மேலே எத்தனை கனவுக் கல்லூரிகள் இருந்தாலும் பயமில்லை. ஒரு கல்லூரி எதற்கு மதிப்புக் கொடுக்கிறது என்று தெரிய, அதன் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று தேடுங்கள். சி7 என்ற பகுதியில் ரேங்க், மதிப்பெண், கட்டுரை, பரிந்துரை ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று கல்லூரியே குறித்திருக்கும். வாட்ஸ்அப் குழுவில் வரும் வதந்திகளைவிட அந்த ஒரு பக்கம் மேல்.

செயல்பாடுகளைப் பொறுத்தவரை 11-இல் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே செய்வதை ஆழமாகச் செய்தால் போதும். ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளையாக இருந்தால் அதை நிறுத்தாதீர்கள். பல மாநிலங்கள் பள்ளி முடிக்கும்போது தரும் பட்டயத்தில் இருமொழித் திறனுக்கான முத்திரை தருகின்றன, அதற்கான திறன் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

கன்சல்டன்ட் பற்றி: என் அபிப்பிராயம், முதலில் பள்ளியின் கவுன்சலரை முழுதாகப் பயன்படுத்துங்கள். இலையுதிர் காலத்தில் அவர்கள் 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் மூழ்கியிருப்பார்கள். ஜனவரி, பிப்ரவரியில்தான் 11-ஆம் வகுப்புக்கு நேரம் கிடைக்கும். அப்போது முன்பதிவு செய்து மகளோடு போங்கள். பேச்சை அவளே நடத்தட்டும். மூன்று கேள்விகள் மட்டும் எழுதிக்கொண்டு போனால் போதும்: ரேங்க் எந்தத் தேதியில் உறுதியாகும், 12-இல் எந்தப் பாடங்களை எடுத்தால் நல்லது, கடந்த சில வருடங்களில் இந்தப் பள்ளியிலிருந்து யார் யார் எந்த ரேங்க்கில் எந்தத் துறைக்குப் போனார்கள். கடைசிக் கேள்விக்குப் பெயர் இல்லாத பட்டியல் ஒன்று பல பள்ளிகளில் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். அதற்குப் பிறகும் கட்டுரைக்கு மட்டும் உதவி வேண்டும் என்று மகள் கேட்டால் அப்போது ஆள் தேடலாம்.